நீர்க்கட்டின்னு ஸ்கேன்ல வந்துருக்கு, எதையெல்லாம் சாப்பிடாம நிறுத்தணும்?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன்ம்மா. வயசு 24, பீரியட்ஸ் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருது, சில சமயம் மூணு மாசம்கூட ஆகுது, ஸ்கேன்ல ரெண்டு பக்க ஓவரியிலயும் நீர்க்கட்டின்னு எழுதிக் குடுத்துட்டாங்க, டாக்டர் சாப்பாட்ட பாத்துக்கோங்கன்னு ஒரே வரில அனுப்பிட்டாங்க. வீட்ல அத்தை பாலை நிறுத்துன்றாங்க, கூட வேலை பாக்கறவங்க சோறே தொடாதன்றாங்க, வீடியோவுல பிராய்லர் கோழியும் முட்டையும் விஷம்னு சொல்றாங்க. அதனால சாப்பிடக் கூடாததுக்கு ஒரு லிஸ்ட் கேக்கறீங்க. ஆனா கடைசில "நான் கண்டதையும் தின்னதாலதான் இது வந்துச்சா"ன்னு சின்னதா ஒரு வரி போட்டுருக்கீங்க பாருங்க, நீங்க நெஜமா கேக்கறது அதத்தான்னு எனக்குப் படுது. அதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். இல்லம்மா. நீங்க சாப்பிட்ட ஏதோ ஒரு பொருளால இது வரல. பரம்பரையா வர்ற உடம்பு வாகு இதுல பெரிய பங்கு, சாப்பாடும் தூக்கமும் உழைப்பும் அத கூட்டவோ குறைக்கவோ செய்யும், அவ்ளோதான்.

நான் டயட்டீஷியன், திருப்பூர் பக்கம் 18 வருஷமா இதே வேலைதான், பாக்க வர்ற பொண்ணுங்கள்ல பாதிப்பேரு பனியன் கம்பெனி, மீதி காலேஜ், ஐடி. டாக்டர் கிடையாது, ஸ்கேன் படிச்சு மருந்து சொல்றது என் வேலை இல்ல, அதனால சாப்பாட்டப் பத்தி எனக்கு உறுதியா தெரிஞ்சத உறுதின்னும், ஆதாரம் கம்மியா இருக்கறத கம்மின்னும் பிரிச்சுச் சொல்றேன்.

மொதல்ல இந்த நீர்க்கட்டிங்கற பேரையே கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும், ஏன்னா நம்ம ஊர்ல நாலஞ்சு வேற வேற விஷயத்துக்கு இந்த ஒரே பேர வெச்சுட்டோம். மாசாமாசம் முட்டை வளர்ற பை வெடிக்காம அப்படியே தங்கி நீர் கோத்துக்கறது ஒண்ணு, அது பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல தானா கரைஞ்சுடும், அதுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்ல. (அந்த மூணு மாசம் யாராவது ஒரு கஷாயம் குடிச்சிருந்தா, கஷாயத்தாலதான் கரைஞ்சுதுன்னு ஊரெல்லாம் பேர் வாங்கிடும்.) டெர்மாய்ட்னு ஒண்ணு இருக்கு, உள்ள முடி, கொழுப்பு எல்லாம் இருக்கும், எத சாப்பிட்டாலும் எத நிறுத்தினாலும் அது கரையாது. அப்புறம் சாக்லேட் சிஸ்ட். இது எண்டோமெட்ரியோசிஸ்னால, அதாவது கருப்பை உள்சுவர் மாதிரியான சதை கருப்பைக்கு வெளிய வளர்றதால, வர்றது, உள்ள தேங்கின பழைய ரத்தம் பழுப்பு நிறத்துல இருக்கறதால அந்தப் பேர், சாக்லேட்டுக்கும் அதுக்கும் எந்த ஒட்டும் இல்ல. ஒரு அம்மா பேர மட்டும் கேட்டுட்டு வந்து, வீட்ல புள்ளைங்க எல்லாருக்கும் மூணு வருஷமா சாக்லேட்டே வாங்கித் தர்றதில்லன்னு எங்கிட்ட சொன்னாங்க, எனக்கு அன்னிக்கு முழுக்க மனசே சரியில்ல, ரிப்போர்ட் குடுக்கும்போது யாராவது ரெண்டு நிமிஷம் உக்காந்து சொல்லியிருந்தா போதுமே.

உங்களுக்கு சொல்லியிருக்கறது பிசிஓஎஸ்ஸா (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம், ஹார்மோன் சீரில்லாம முட்டை ஒழுங்கா வெளிய வராத பிரச்சனை) இருக்க நெறைய வாய்ப்பு, ஏன்னா ரெண்டு பக்கமும் இருக்கு, பீரியட்ஸும் தள்ளித் தள்ளிப் போகுது. ஸ்கேன் ரிப்போர்ட்ல பல்க்கி ஓவரி, பாலிசிஸ்டிக்னு ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. அப்படி எழுதியிருந்தா நல்லா மனசுல வெச்சுக்கோங்க, அது கட்டியே இல்ல. பாதி வளர்ந்து நின்னுபோன முட்டைப் பைங்க, ஒவ்வொண்ணும் 2லருந்து 9 மில்லிமீட்டர் இருக்கும். 1935ல சிகாகோவுல ஸ்டீன், லெவென்தால்னு ரெண்டு டாக்டருங்க இந்தப் பிரச்சனைய எழுதினப்போ சிஸ்ட்னு பேரு வந்துருச்சு, அந்தப் பேரு இன்னிக்கு வரைக்கும் பொண்ணுங்கள பயமுறுத்திட்டு இருக்கு. 2003ல நெதர்லாந்துல ராட்டர்டாம்ல கூடி முடிவு பண்ணினபடி, பீரியட்ஸ் ஒழுங்கில்லாம இருக்கறது, ஆண் ஹார்மோன் கூடினதோட அறிகுறி, ஸ்கேன்ல இந்தப் பைங்க தெரியறது, இந்த மூணுல ரெண்டு இருந்து, தைராய்டு மாதிரி வேற காரணம் இல்லன்னு பாத்த பிறகுதான் பிசிஓஎஸ்னு சொல்லணும். வெறும் ஸ்கேன மட்டும் வெச்சு சொல்லக் கூடாது. வயசுக்கு வந்து எட்டு வருஷம் ஆகாத பொண்ணுங்களுக்கு ஸ்கேன் வெச்சே இத முடிவு பண்ண வேணாம்னு 2023ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்லுது. பதினஞ்சு வயசுப் புள்ளைய கூட்டிட்டு வந்து நீர்க்கட்டி இருக்குன்னு அழற அம்மாங்களுக்கு நான் மொதல்ல சொல்றது இதுதான்.

சரி, சாப்பாடு இதுக்குள்ள எங்க வருது? இன்சுலின் வழியா வருது, அதாவது ரத்தத்துல இருக்கற சர்க்கரைய உடம்பு எடுத்துக்க வைக்கற ஹார்மோன் வழியா. பிசிஓஎஸ் இருக்கற நெறைய பேருக்கு இன்சுலின் சொல்றத உடம்பு சரியா கேக்காது, அதனால கணையம் இன்னும் அதிகமா சுரக்கும். ரத்தத்துல இன்சுலின் கூடினா அது ஓவரிய தூண்டி ஆண் ஹார்மோன கூட்டும், இன்னொரு பக்கம் அந்த ஹார்மோன கட்டிப் பிடிச்சு வெச்சுக்கற ஒரு புரதத்த லிவர் கம்மியா செய்யும், ரெண்டும் சேந்து முகத்துல முடி, பரு, முட்டை வெடிக்காம நிக்கறதுன்னு போகும். கழுத்துக்குப் பின்னாடி, அக்குள்ல வெல்வெட் மாதிரி கருப்பா தடிச்சிருக்கறத அழுக்குன்னு நெனச்சு தேச்சுத் தேச்சுப் புண்ணாக்கிக்கற பொண்ணுங்கள நான் நெறைய பாத்துருக்கேன், பல பேருக்கு அது இந்த இன்சுலின் விஷயத்தோட அடையாளம். ஆக உங்க தட்டுல எத குறைக்கணும்னு கேட்டா, எது வேகமா ரத்தத்துல சர்க்கரைய ஏத்துதோ, எது அளவு தெரியாம உள்ள போகுதோ, அதத்தான்.

முதல்ல குடிக்கற சர்க்கரை. இதுல எனக்கு சந்தேகமே கிடையாது. சேத்துக்கற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள, அதாவது கிட்டத்தட்ட ஆறு டீஸ்பூனுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015ல சொல்லியிருக்கு. கடை டீ ஒண்ணுல ஒன்றரை ஸ்பூன் போடுவாங்க, நாலு டீ குடிச்சா அங்கயே ஆறு ஸ்பூன் முடிஞ்சுபோச்சு. சின்ன கூல்ட்ரிங்ஸ் பாட்டில், 250 மில்லி, அது ஒண்ணுலயே 25 கிராமுக்கு மேல இருக்கு. ஜூஸ் கடையில பழத்த அரைச்சு வடிகட்டி மேல சர்க்கரையும் கொட்டிக் குடுக்கறத ஆரோக்கியம்னு நெனச்சு குடிக்காதீங்க, அதே சாத்துக்குடிய உரிச்சு சுளையா தின்னுங்க. பால்ல கலக்கற சத்து மாவு, மால்ட் பவுடர் டப்பாவ திருப்பி 100 கிராமுக்கு சர்க்கரை எத்தனன்னு ஒரு தடவ படிச்சுப் பாருங்க, பல பேரு அதுக்கப்புறம் டப்பாவ வாங்கறதில்ல. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் இதெல்லாம் இன்சுலின் கணக்குல வெள்ளைச் சர்க்கரைக்கு அண்ணன் தம்பிதான். வெல்லத்துல கொஞ்சம் தாதுச்சத்து இருக்கு, நெஜம், ஆனா அத நம்பி ரெண்டு மடங்கு போட்டா பலன் ஒண்ணும் இல்ல. உளுந்தங்களி நல்ல சாப்பாடு, உளுந்தும் நல்லெண்ணெயும் இருக்கற வரைக்கும் எனக்கு சந்தோஷம், கருப்பட்டி அளவ மட்டும் பாதியாக்குங்க.

அடுத்து மைதாவும் பேக்கரியும். பதினோரு மணி டீயோட ஒரு தேங்கா பன், நாலு மணி டீயோட ஒரு பப்ஸ், ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு ரெண்டு பரோட்டா சால்னா, இதுதான் இங்க கம்பெனிக்குப் போற புள்ளைங்களோட ஒரு நாள், இதுல நார்ச்சத்து எங்க, புரதம் எங்கன்னு தேடினாலும் கிடைக்காது. இந்த விஷயத்துல நான் கொஞ்சம் கறாரா இருப்பேன், வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல வேணாம்னு சொல்வேன். பேக்கரி சாமான்ல வனஸ்பதி போடறது வழக்கம், அதுல இருந்த டிரான்ஸ் கொழுப்ப (இதயத்துக்குக் கெடுதல் பண்ற ஒரு வகை கொழுப்பு) 2022லருந்து நம்ம நாட்ல 2 சதவீதத்துக்குள்ள கட்டுப்படுத்திட்டாங்க, அது நல்ல மாற்றம், ஆனா பஜ்ஜி போண்டா பொரிக்கற எண்ணெய திரும்பத் திரும்ப காய்ச்சறது தொடர்ந்துட்டுதான் இருக்கு, அந்தப் பக்கம் அடிக்கடி போகாதீங்க.

இப்போ சோறு. சோற நிறுத்துன்னு நான் யாருக்கும் சொல்றதில்ல. சென்னையில நடந்த பெரிய ஆய்வு ஒண்ணுல, மக்கள் சாப்பிடற கலோரில கிட்டத்தட்ட பாதி தீட்டின தானியத்துலருந்து, அதுலயும் முக்கியமா வெள்ளை அரிசியிலருந்து வருதுன்னு தெரிஞ்சுது. காலைல நாலு இட்லி, மத்தியானம் தட்டு நெறய சோறு ஓரத்துல ஒரு ஸ்பூன் பொரியல், ராத்திரி தோசைன்னு மூணு வேளையும் அரிசியா போறதுதான் பிரச்சனை, அரிசி தனியா ஒண்ணும் பண்ணல. தட்ட மனசுல நாலாப் பிரிங்க, ரெண்டு பங்கு பொரியல், கூட்டு, கீரை, ஒரு பங்கு பருப்போ முட்டையோ மீனோ சுண்டலோ, ஒரு பங்கு சோறு. மொதல்ல காயும் பருப்பும் சாப்பிட்டுட்டு கடைசியா சோத்துக்கு வந்தீங்கன்னா சாப்பாட்டுக்கு அப்புறம் சர்க்கரை ஏறறது குறையுதுன்னு ஆய்வுகள்ல பாத்துருக்காங்க, செலவே இல்லாத விஷயம், செஞ்சு பாருங்க. இட்லி நாலுக்கு பதிலா ரெண்டு, கூட கெட்டி சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு அவிச்ச முட்டை, இது போதும். சிறுதானியத்துக்கு மாறிட்டேன்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்த, நல்லா தீட்டி வெள்ளையாக்கின சாமையும், மாவா அரைச்சு கஞ்சியா காய்ச்சின ராகியும் சர்க்கரைய வேகமாத்தான் ஏத்தும். முழு தானியமா, மென்னு சாப்பிடற மாதிரி இருந்தாத்தான் பலன், அதுவும் அளவோடதான்.

இனிமே உங்கள தேவையில்லாம பயமுறுத்தினது பத்தி. முட்டைய நிறுத்தாதீங்க, முட்டையால நீர்க்கட்டி வராது, ஒரு முட்டையில கிட்டத்தட்ட 6 கிராம் நல்ல புரதம் இருக்கு, விலையும் கம்மி. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடறாங்க, அதனாலதான் பொண்ணுங்க சீக்கிரம் வயசுக்கு வர்றாங்க, கட்டி வருதுன்னு ஊரெல்லாம் பேச்சு. அந்தக் கோழி ஆறு வாரத்துல வளர்றதுக்குக் காரணம் பல தலைமுறையா தேர்ந்தெடுத்து வளர்த்த ரகமும் அதுக்குன்னே தயாரிக்கற தீவனமும். ஆயிரக்கணக்குல இருக்கற கோழிக்கு ஒண்ணு ஒண்ணா புடிச்சு ஊசி போட்டா பண்ணைக்காரருக்கு கட்டுபடியும் ஆகாது. ஆன்டிபயாடிக் அதிகமா குடுக்கறது நெஜமான கவலை, அது வேற கதை, கருப்பை சமாச்சாரம் இல்ல. குழம்பு வெச்ச கோழி நல்ல சாப்பாடு, சிக்கன் 65ஐயும் பிரியாணியையும் வாரம் மூணு தடவ சாப்பிட்டுட்டு பழிய கோழி மேல போடறதுதான் தப்பு. மீல்மேக்கர், சோயா கூடாதுன்னும் சொல்வாங்க, சாதாரண அளவுல அதனால பாதிப்புன்னு ஆதாரம் இல்ல, தைராய்டு மாத்திரை போடறவங்க மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவுல நல்ல இடைவெளி விடணும்.

பால் விஷயம் நடுவுல நிக்குது, இத உறுதியா எந்தப் பக்கமும் சொல்ல முடியாது. பாலுக்கும், குறிப்பா கொழுப்பு எடுத்த பாலுக்கும், பருவுக்கும் தொடர்பு இருக்குன்னு சில ஆய்வுகள் காட்டுது, ஆனா ஒண்ணோட ஒண்ணு சேந்து வருதுங்கறதுக்கும் அதனாலதான் இது வருதுங்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. நான் செய்யறது என்னன்னா, பரு ரொம்ப இருக்கறவங்கள ஒரு ரெண்டு மாசம் பாலை குறைச்சுட்டு தயிர், மோர் மட்டும் எடுக்கச் சொல்லிப் பாப்பேன், மாற்றம் இல்லன்னா திரும்ப ஆரம்பிச்சுக்கலாம். கோதுமை, அதுல இருக்கற க்ளூட்டன்ங்கற புரதம் கூடாதுன்றதுக்கு, சீலியாக் மாதிரி அது உடம்புக்கு ஒத்துக்காத நோய் இருக்கறவங்கள தவிர மத்தவங்களுக்கு ஆதாரம் இல்ல. சாக்லேட் சிஸ்ட் இருக்கறவங்களுக்கு வேற கணக்கு. அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான நர்ஸுங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்த ஆய்வுல, ஆட்டுக்கறி மாட்டுக்கறி மாதிரி சிவப்பு இறைச்சி அதிகம் சாப்பிட்டவங்களுக்கும் டிரான்ஸ் கொழுப்பு அதிகம் எடுத்தவங்களுக்கும் எண்டோமெட்ரியோசிஸ் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு, அதனால அவங்கள குறைச்சுக்கச் சொல்வேன், குறைச்சா இருக்கற கட்டி கரையும்னு சொல்ல மாட்டேன். மார்புல கட்டி கட்டியா வந்து வலிக்கறவங்க காபிய நிறுத்தணுமான்னு அடிக்கடி கேப்பாங்க, 1970கள் கடைசிலருந்து ஓடற பேச்சு அது, அப்புறம் செஞ்ச ஆய்வுகள்ல தெளிவா நிரூபணம் ஆகல. நிறுத்தி வலி குறைஞ்சா நிறுத்திக்கோங்க, ஆனா மார்புல புதுசா கட்டி தெரிஞ்சா காபியோட விளையாடிட்டு இருக்காம டாக்டர்கிட்ட காட்டணும்.

கழற்சிக்காயப் பத்தியும் கேட்டிருந்தீங்க. சித்த மருத்துவத்துல காலங்காலமா மிளகோட சேத்துக் குடுக்கறது, அத நான் இளக்காரமா பேச மாட்டேன். ஆனா மனுஷங்கள வெச்சு பெரிய அளவுல செஞ்ச ஆய்வோட பலம் அதுக்கு இன்னும் இல்ல, வீடியோவப் பாத்து அளவு தெரியாம தினமும் இடிச்சு முழுங்கறது எனக்குப் பயமா இருக்கு. வேணும்னா பதிவு பெற்ற சித்த மருத்துவர நேர்ல பாத்து எடுங்க, கர்ப்பத்துக்கு முயற்சி பண்றப்போ சொல்லாம எதையும் எடுக்காதீங்க. வெந்தயம், லவங்கப்பட்டை சாப்பாட்டு அளவுல தாராளமா சேக்கலாம், அது பீரியட்ஸ வரவெச்சுடும்னு நம்பி உக்காந்துட வேணாம்.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு ஒரு பொண்ணு ஞாபகத்துக்கு வர்றா. உங்க வயசுதான். எங்கயோ குடுத்த ஒரு பக்க லிஸ்ட்ட கையில வெச்சுட்டு வந்தா, பால், முட்டை, கோழி, மீன், சோறு, உருளை, வாழைப்பழம், கடலை எல்லாம் கூடாது. ஏழு மாசமா கோதுமை ரவை உப்புமாவும் வெள்ளரிக்காயும்தான். எடை இறங்கியிருந்துச்சு, அதோட முடியும் கொட்டியிருந்துச்சு, ஹீமோகுளோபின் 8, பீரியட்ஸ் சுத்தமா நின்னுபோச்சு. பட்டினி போட்டா அதனாலயும் பீரியட்ஸ் நிக்கும்னு அவகிட்ட யாரும் சொல்லவே இல்ல. முட்டை, மீன், கீரை, பருப்பு, அளவா சோறுன்னு திரும்பக் கொண்டு வர்றதுக்கே அவ்ளோ பயந்தா, ஒவ்வொரு சாப்பாட்டையும் போட்டோ எடுத்து அனுப்பி, இது சாப்பிடலாமாக்கான்னு கேப்பா. நாலஞ்சு மாசம் ஆச்சு அந்தப் பயம் போக. அதனாலதான் லிஸ்ட் கேட்டா எனக்கு உடனே கை வராது. 2023 வழிகாட்டுதலும் இந்த டயட்டுதான் ஒசத்தின்னு எதையும் சொல்லல, எது உங்களால வருஷக்கணக்கா தொடர முடியுமோ அது நல்லதுன்னுதான் சொல்லுது. எடை கூட இருக்கறவங்க 5லருந்து 10 சதவீதம் குறைச்சாலே, அதாவது 70 கிலோ இருக்கறவங்க மூணரைலருந்து ஏழு கிலோ குறைச்சாலே, நெறைய பேருக்கு பீரியட்ஸ் சீராகறத பாக்கறோம். ஒல்லியா இருக்கறவங்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவங்க எடை குறைக்கவே கூடாது, சாப்பிடற நேரத்தையும் தட்டையும்தான் மாத்தணும். 2013ல இஸ்ரேல்ல ஒல்லியான பிசிஓஎஸ் பொண்ணுங்க 60 பேர வெச்சு, ஒரே கலோரியத்தான் குடுத்தாங்க, பாதிப்பேரு காலைல அதிகம், பாதிப்பேரு ராத்திரி அதிகம். 90 நாள்ல காலைல அதிகம் சாப்பிட்டவங்களுக்கு இன்சுலினும் ஆண் ஹார்மோனும் நல்லா குறைஞ்சுது. 60 பேருங்கறது சின்ன ஆய்வுதான், ஆனா காலைல ஒண்ணும் சாப்பிடாம ராத்திரி பத்தரைக்கு வயிறு முட்ட சாப்பிடற வழக்கம் உங்களுக்கு இருந்தா, முதல்ல மாத்த வேண்டியது அதுதான்.

சாப்பாட்டால ஆகாததையும் சொல்லிடறேன். திடீர்னு அடிவயிறு ஒரு பக்கமா தாங்க முடியாத வலி வந்து கூடவே வாந்தி வந்தா அது ஓவரி முறுக்கிக்கிட்டதா இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும், ஓமத் தண்ணி குடிச்சுட்டு விடியற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. பீரியட்ஸ் மூணு மாசத்துக்கு மேல வரலன்னா டாக்டர பாருங்க, கருப்பையோட உள்சுவர் தடிச்சுக்கிட்டே போறத நான் சொல்ற கீரையும் சுண்டலும் சரி பண்ணாது. பீரியட்ஸ் நின்ன வயசுல இருக்கற அம்மாக்கள், பெரியம்மாக்கள் யாருக்காவது புதுசா ஓவரியில கட்டின்னு வந்தா அத கண்டிப்பா பாக்கணும். மெட்ஃபார்மின் (சுகருக்கும் பிசிஓஎஸ்ஸுக்கும் குடுக்கற மாத்திரை) போட்டுட்டு இருந்தீங்கன்னா நீங்களா நிறுத்தாதீங்க, ரொம்ப நாள் போட்டா பி12 குறையும், வருஷத்துக்கு ஒரு தடவ அத பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க.

உங்க உயரம், எடை, கழுத்துல கருப்பு இருக்கா, வீட்ல அப்பா அம்மாவுக்கு சுகர் இருக்கா, நேத்து காலைலருந்து ராத்திரி வரைக்கும் டீ உட்பட என்னென்ன சாப்பிட்டீங்க, இத மட்டும் இதுக்குக் கீழ எழுதுங்கம்மா. பேரு வேணாம், ரிப்போர்ட் போட்டோவும் பொதுவுல போடாதீங்க. நல்லா சாப்பிட்டதா காட்டணும்னு எதையும் மறைக்காம உள்ளத உள்ளபடி எழுதினீங்கன்னா, உங்க தட்டுல எந்த ரெண்டு விஷயத்த மொதல்ல மாத்தலாம்னு பாத்து சொல்றேன்.